குறை சொல்லிக் கார் விற்றவர்

கார் விற்கிறவர்கள் காரைப் புகழ்ந்து பேசுவார்கள் என்று நினைத்துத்தான் நாங்களும் போனோம்.

அலெக்ஸாண்ட்ரா பக்கம் கார்க் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு. ஒரு சனிக்கிழமை காலை. என் கணவருக்குக் கார் வாங்க ஆசை, வாங்கவும் பயம். இந்தத் தீவில் கார் வைத்துக்கொள்ள சிஓஇ என்று ஓர் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் வாங்க வேண்டும் அல்லவா, அதன் விலை ஏறினால் “இறங்கட்டும்” என்பார். இறங்கினால் “இன்னும் இறங்கும்” என்பார். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அன்றைக்குத் துணைக்கு என் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனோம். அண்ணன் ஜாலான் புசாரில் பெயிண்ட், குழாய், ஆணி, ஏணி எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். நட்டு போல்ட் தெரிந்தவருக்குக் காரும் தெரியும் என்பது என் கணவரின் கணக்கு. அண்ணன் தனிக்கட்டை, பேச்சில் கஞ்சன். கடையில்கூடக் கேட்ட பொருளை எடுத்து மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான்.

கடையின் நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன செடான் நின்றது. தீவின் எந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போய்ப் பார்த்தாலும் அந்த மாடல் நாலைந்து நிற்கும். அதைச் சுற்றிவந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். கறுப்புக் கோட்டு, கொண்டையில் தேக்காச் சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரம், காலில் ஓட்டப்பந்தயக் காலணி. நாற்பது வயதிருக்கும்.

“வாங்க வாங்க. காப்பி அப்புறம் குடிக்கலாம். முதல்ல குறையச் சொல்லிடுறேன்” என்றார்.

என் கணவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரிடமோ பேசுகிறாரோ என்று.

அவர் கார்க் கதவைத் தட்டினார். “கேட்டீங்களா? டப்பா சத்தம். தகடு மெல்லிசு. ஓங்கிச் சாத்தாதீங்க, அதுவும் பாவம்.” பின்கதவைத் திறந்தார். “இங்க பின்னாடி ஏசி துவாரம் கிடையாது. முன்னாடி இருக்கிறவங்க மனசு வச்சாத்தான் பின்னாடி காத்து வரும். அப்புறம் இந்த நடு சீட்டு. கால் வைக்கிற இடத்துல மேடு இருக்கு, முட்டி தாடைக்கு வந்துடும். உங்க வீட்டுல யாரைப் பிடிக்காதோ அவங்கள இங்க உக்கார வைங்க.”

நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் அண்ணனைப் பார்த்தோம்.

அந்த அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி எப்படிச் சொல்வது? கடையின் மறுகோடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன விஷயம் என்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்கள். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து உள்ளே போய் நடு சீட்டில் உட்கார்ந்தார். முட்டி உண்மையிலேயே தாடைக்கு வந்தது. அந்தக் கோலத்தில் அவர் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்த பார்வையை நான் அப்போது கவனிக்கவில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், எல்லாம் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

நல்லதையும் சொல்வார். ஆனால் குறையைச் சொல்லும்போது கடை முழுக்கக் கேட்கிற குரல், நல்லதைச் சொல்லும்போது தாழ்ந்து ரகசியம்போல் ஆகிவிடும். “பெட்ரோல் ரொம்பக் கம்மியாக் குடிக்கும்” என்று என் காதருகே வந்து சொன்னார். “ஒரே வெட்டுல யூ-டர்ன் அடிக்கும். பெரிய காரெல்லாம் முன்ன பின்ன போய்ட்டு வரும், இது சொன்னதும் திரும்பிடும். வெளிய சொல்லாதீங்க.”

அந்தக் கடையின் சோதனை ஓட்டத்துக்கு என்று ஒரு வழி இருந்தது. மேடு பள்ளம் இல்லாத, நிழல் விழுந்த, ஐந்து நிமிடச் சாலை. அவருக்கு அது பிடிக்காது. “அந்த ரோட்டுல மாட்டு வண்டி ஓட்டினாலும் சொகுசாத்தான் இருக்கும். உங்க வீடு எங்க?”

“பூன் லே” என்றேன்.

“அங்கதான் போறோம்.”

கிளம்புமுன் உள்ளே போய் இரண்டு அரிசி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். ஒன்றைப் பின்பெட்டியில் போட்டார். இன்னொன்றை அண்ணனின் ஒரு பக்கத்தில் நிமிர்த்தி உட்காரவைத்து சீட் பெல்ட்டும் மாட்டினார். மறுபக்கம் நான்.

“இது எதுக்கு?” என்றார் என் கணவர்.

“அஞ்சு பேர் போற காரை, ஆள் இல்லாம ஓட்டிப் பார்த்தா எப்படி சார் தெரியும்? முழுச் சுமையோட ஏறுதா இல்லையான்னு பாக்கணும்லா.”

ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறும் இடத்தில் என் கணவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். என்ஜின் வீறிட்டது. ஊளை என்றே சொல்லலாம். கார் மட்டும் பதறாமல் நிதானமாக வேகம் பிடித்தது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி வளர்ந்துகொண்டே வந்தது.

“கத்துது! கத்துது!” என்றார் என் கணவர்.

“கத்தட்டும் சார், மிதிங்க! கியர் மாறுறது தெரியாது, ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரிதான் போகும். எங்க மேனேஜர் மாதிரி. சத்தம் பெருசு, வேலை நிதானம். ஆனா முடிச்சுடும். மிதிங்க!”

மிதித்தார். கார் சாலைக்குள் வழுக்கிக்கொண்டு சேர்ந்தது. லாரி ஒதுங்கிப் போனது. என் கணவர் இரண்டு வருடப் பயத்தை ஒரே மூச்சில் வெளியே விட்டார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அரிசி மூட்டை அண்ணன் தோளில் சாய்ந்திருந்தது.

எங்கள் புளோக்கின் பலமாடிக் கார்நிறுத்தத்தில் சுற்றிச் சுற்றி உச்சி மாடிவரை ஏறினோம். தூணை ஒட்டிய குறுகலான இடத்தில் பின்வாங்கி நிறுத்தச் சொன்னார். கேமரா காட்டியது, சென்சார் கீ கீ என்று பதறியது, கார் கச்சிதமாக உட்கார்ந்தது. அங்கிருந்து “ஞாயித்துக்கிழமை எங்க போவீங்க?” என்று கேட்டு, தேக்கா என்று நான் சொன்னதும் தேக்காவுக்கே விடச் சொன்னார். பஃபலோ சாலைப் பக்கம் காய்கறி இறக்கும் லாரிகளுக்கு நடுவே காரை நுழைத்து எடுத்தபோது அவருடைய தொலைபேசி விடாமல் அடித்தது. மேனேஜர். சீனர், நல்ல மனிதர், குரல்தான் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. “ஐயோ, வேர் ஆர் யூ?”

“டெஸ்ட் டிரைவ், பாஸ்.”

“எங்கே டெஸ்ட் டிரைவ்? மலேசியாவிலா?” என்று அவர் ஆங்கிலத்தில் கத்தியது தெளிவாகக் கேட்டது.

அன்று மாலையே கார் பதிவானது. இரண்டு வருடம் யோசித்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “எல்லாக் குறையும் தெரிஞ்சுபோச்சு, இனிமே எதுக்குப் பயப்படணும்?” என்றார்.

எல்லோரும் எங்களைப்போல் வாங்கிவிடவில்லை. அந்த அக்கா குறை சொல்லி அனுப்பிவைத்தவர்கள்தான் அதிகம். சிராங்கூன் சாலைக் கோயிலில் வாசிக்கிற தவில்காரர் ஒருவர் வந்திருக்கிறார். பின்பெட்டியில் தவிலை வைத்துப் பார்த்தார்கள், அழகாக உட்கார்ந்தது. அக்கா விடவில்லை. மூடியைச் சாத்திக் காட்டினார். மூடியின் இரண்டு பக்கக் கம்பிகளும் உள்ளே இறங்கித் தவிலின் தோலுக்கு மேல் ஒரு விரற்கடையில் நின்றன. “ஒரு பள்ளத்துல விழுந்தீங்கன்னா உங்க தவிலை எங்க கம்பி வாசிச்சுடும்” என்றவர், எதிர்க்கடையில் பின்கதவு முழுக்கத் திறக்கிற வேறு கார் இருப்பதாகச் சொல்லி, வழி தெரியாதோ என்னவோ என்று கூடவே நடந்துபோய் விட்டுவிட்டும் வந்திருக்கிறார். கண்ணாடிச் சுவர் வழியாக மேனேஜர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

வேகம் வேண்டும் என்று வந்த ஓர் இளைஞனிடம், “இது நூறைத் தொடுறதுக்குள்ள நீ ஒரு தே தாரேக் டீ இழுத்து ஆத்திக் குடிச்சிடலாம் தம்பி” என்றாராம். அவன் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

தன்னைப் பற்றியும் அக்கா அப்படித்தான் குறை சொல்வார். காரில் ஏதோ சந்தேகம் கேட்கப்போய் எனக்கும் அவருக்கும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்கலாமா வேண்டாமா என்று தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோதே, “குறட்டை விடுவேன்மா. நாலு வீட்டுக்குக் கேக்கும். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டச் சொன்னேன், காப்பியப் பாதியில வச்சிட்டுப் போய்ட்டாங்க” என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு தோசை கேட்டார். இத்தனை கார் விற்றவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ரயிலிலும் பஸ்ஸிலும்தான் வருவார்.

இதற்கிடையில் என் அண்ணன் சனிக்கிழமை தோறும் காணாமல் போக ஆரம்பித்தார்.

கடைக்கு ஃபோன் செய்தால் உதவியாளர், “முதலாளி கார் பாக்கப் போயிருக்கார்” என்றார். அண்ணனிடம் கடைக்கென்று ஒரு பழைய வேன் உண்டு. அவருக்கு எதற்குக் கார்? அக்காவிடம் ஃபோனில் கேட்டேன்.

“உங்க அண்ணன் மாதிரி ஒரு கஸ்டமரை நான் பாத்ததே இல்லமா” என்று சலித்துக்கொண்டார். “போன வாரம் பெயிண்ட் வாளி கொண்டுவந்தார். பின்பெட்டியில அடுக்கிப் பாத்தோம். வளைவுல சாயும், கொட்டிடும், வேணாம்ணேன்னு சொன்னேன். சரின்னுட்டார். அதுக்கு முந்தின வாரம் பிவிசி குழாய். பின் சீட்டை மடக்கி விட்டோம். குழாய் முன் கண்ணாடில போய் இடிச்சுது. உங்களுக்கு வேன்தான் அண்ணே லாயக்கு, இந்தக் காரு ஆகாதுன்னேன். அதுக்கும் சரின்னுட்டார். ‘அடுத்த வாரம் ஏணி கொண்டு வர்றேன்’னுட்டுப் போறார்.”

“ஏணியா?”

“ஏணிலா!”

நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அக்காவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. காரின் குறையை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிறவருக்கு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியவில்லை.

ஏணி நாளன்று நானும் ஆசைப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். சீட்டுகளை மடக்கி, ஏணியைப் பின்பக்கமாக நுழைத்து, முன்னிரு இருக்கைகளுக்கு நடுவே தள்ளி டேஷ்போர்டில் முட்டவைத்திருந்தார்கள். பின்பெட்டி மூடவில்லை. ஏணியின் கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, அதில் ஒரு சிவப்புத் துணி வேறு. ஒருபக்கம் அக்கா, மறுபக்கம் அண்ணன், நடுவில் ஏணி. ஏணிப்படிகளின் இடைவெளி வழியாக அக்கா மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தார், அண்ணன் அதே இடைவெளி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக என் அண்ணனை நான் பார்த்ததில்லை.

சிக்கல் மேனேஜர் வழியாக வந்தது. வாராவாரம் வருகிற அண்ணனை அவர் கட்டாயம் வாங்கப்போகிறவர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மாதம் அக்காவுக்கு ஒரு விற்பனைகூட ஆகவில்லை. “இந்த மாசக் கடைசிக்குள்ள ஏணிக்காரர் வாங்கலேன்னா நீ வேற வேலை பாத்துக்கோ” என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இது கடைசி எச்சரிக்கை.

அன்று அக்கா ஃபோன் செய்தபோது குரலில் சிரிப்பே இல்லை. “நேராவே கேக்குறேன்மா. உங்க அண்ணன் வாங்குவாரா, மாட்டாரா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தேன். நேரே ஜாலான் புசாருக்குப் போனேன். அண்ணன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“உன்னால அவங்க வேலை போகப்போகுது, தெரியுமா? வாங்குறதா இருந்தா வாங்கு. இல்லேன்னா வாயத் திறந்து சொல்லு” என்றேன்.

அண்ணன் ஆணிகளை அப்படியே தராசில் விட்டுவிட்டு வேன் சாவியை எடுத்தார். என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டு நானும் எங்கள் காரில் பின்னாலேயே போனேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அண்ணன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, “கார் வாங்கிக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் முகமெல்லாம் மலர்ந்து பேனாவைத் திறந்து நீட்டினார். அக்கா அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“மாட்டேன். உங்களுக்கு நான் விக்க மாட்டேன்.”

“ஏன்?”

“வாளி சாயுது, குழாய் இடிக்குது, ஏணி வெளிய நிக்குது. வாங்கிட்டுப் போய் தினமும் என்னத் திட்டுவீங்க. என் வேலைக்காகப் பாவம் பாத்து வாங்க வேணாம் அண்ணே. உங்களுக்கு இந்தக் காரு ஆகாது.”

அண்ணன் தன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினார்.

“எனக்குக் காரு வேணாம். எப்பவுமே வேணாம். ஒவ்வொரு வாரமும் கடையில எதைத் தூக்கிட்டு வர்றதுன்னு யோசிச்சு யோசிச்சுக் கொண்டுவந்தேன். ஏணிக்கப்புறம் கொண்டுவர ஒண்ணும் இல்ல. உங்க பக்கத்துல உக்காந்து நீங்க பேசுறதக் கேக்கணும். அவ்ளோதான்.”

மேனேஜர் என் கணவர் பக்கம் சாய்ந்து, “வாட் ஹீ சே?” என்றார்.

“ஹீ டோன்ட் வான்ட் தி கார்” என்றார் என் கணவர்.

மேனேஜரின் முகம் வாடியது.

“ஹீ வான்ட் யுவர் சேல்ஸ்பெர்சன்.”

அக்கா யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்து நடுவில் நின்ற வெள்ளைக் காருக்குள் ஏறி, மெதுவாகச் சாத்தச் சொன்ன அதே கதவை டமாரென்று சாத்திக்கொண்டார். ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்தார். ஹார்ன் அலறியது. கண்ணாடி அடைத்த கடைக்குள் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. தலையை எடுக்கவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. கார் பார்க்க வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான மலாய்த் தம்பதி கோப்பையோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஒருவழியாக ஹார்ன் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“உங்க வேன்ல ஏசி இருக்கா?”

“இல்ல” என்றார் அண்ணன்.

“ரேடியோ?”

“இருக்கு. ஒரு பக்கந்தான் கேக்கும்.”

“எந்தப் பக்கம்?”

“நான் உக்கார்ற பக்கம்.”

“அப்ப எனக்குக் கேக்காது.”

“மாத்திக் குடுத்துடறேன்.”

கதவு முழுக்கத் திறந்தது. அக்கா இறங்கினார். கண் கலங்கியிருந்தது, மல்லிகைச் சரம் கொண்டையிலிருந்து கழன்று தோளில் தொங்கியது. “எனக்குப் பசிக்குது” என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்ததும் கடையே சிரித்தது. என்ன நடந்தது என்று பாதி புரிந்த மேனேஜரும் கையை வீசி, “கோ லா, கோ லா! லஞ்ச்!” என்றார். நாங்கள் வெளியேறும்போது மலாய்க்காரப் பெரியவர் மேனேஜரிடம் எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார். தங்களுடைய பழைய காரில் ஹார்ன் சரியாகக் கேட்பதில்லையாம், இதில் நன்றாகக் கேட்கிறதாம். அவர்கள் அன்றே அந்தக் காரை வாங்கினார்கள். அந்த விற்பனை அக்காவின் பெயரில் ஏறியது, அவருடைய வேலையும் தப்பியது.

தேக்காவுக்கு அவர்கள் இருவரும் வேனில் போனார்கள், நாங்கள் காரில் பின்தொடர்ந்தோம். வேனின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அக்காவின் கைகள் ஓயாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வெயிலில் வெந்து, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு இறங்கினார். உணவு அங்காடி நிலையத்தில் மதியக் கூட்டம். மேசை பிடித்து உட்கார்ந்தோம். பிரியாணி வாங்க நான்தான் போவேன் என்று அக்கா வரிசையில் போய் நின்றார்.

வரிசை முனைக்குப் போனபின்தான் அண்ணனுக்குக் கோழியா ஆடா என்று கேட்காமல் வந்துவிட்டது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. எங்கள் பக்கம் திரும்பி, “அண்…” என்று வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். இத்தனை மாதமாகக் கூப்பிட்ட வார்த்தையை இனிமேல் கூப்பிட முடியாது என்பது அந்த நொடியில்தான் உறைத்திருக்கிறது. கடைக்காரர் கரண்டியோடு காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா தேக்காவின் அத்தனை இரைச்சலுக்கும் மேலே ஏறிய குரலில் கூப்பிட்டார்.

“என்னங்க!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்களில் பாதிப்பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் கையிலிருந்த பரோட்டாவைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டார். என் கணவரும் திரும்பினார். திரும்பாமல் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன் ஒருவர்தான். அதுவரை யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.